அமரத்துப் பலகை

ஆசாரி உளியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மரப்பிடியால் வள்ளத்தின் அமரத்துப் பலகையை மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கிச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு வந்தார். மேலே கணீரென்று பேசிய பலகை, எஞ்சினைப் பிணைக்கும் போல்ட்டுகளுக்குக் கீழே வந்ததும் குரல் கம்மி, பழுத்த பலாவைத் தட்டினாற்போலத் ‘தொப்’பென்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. வெளிர்நீல வர்ணம் பூசிய ஃபைபர் தோல் வெயிலில் பளபளத்தது. அதன்மேல் கறுப்பில் எழுதியிருந்த மாதாவின் திருநாமத்தில் ஓர் எழுத்துக்கூட உரியவில்லை. ஆசாரி உட்பக்கத்தில் டிரில்லால் சிறு துளை ஒன்று போட்டார். முதலில் வெண்தூள் உதிர்ந்தது. பிறகு, மரத்தூள் வரவேண்டிய இடத்தில், காபிப் பொடியைத் தண்ணீரில் குழைத்தாற்போன்ற கருஞ்சேறு சுருண்டு வெளிவந்தது. அதை விரலில் எடுத்து முகர்ந்துவிட்டு வள்ளத்துக்கு உடையவரிடம் நீட்டினார். அவர் முகர்ந்து பார்க்கவில்லை.

அந்த மனிதர் பல வருஷங்களுக்கு முன் என்னிடம் தமிழ் படித்தவர். இன்றைக்கும் என்னைக் கண்டால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பவர். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட கரையொன்றில், ஒருவர் தோளில் சுமந்துவரத்தக்க சிறிய எஞ்சினை அமரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மகனும் மைத்துனனும் துணையாக விடியுமுன் கடலுக்குப் போய்வருகிற சிறுதொழில்காரர். அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. பலகையின் உள்ளும் புறமும் இரண்டு அலுமினியத் தகடுகளை வைத்துப் போல்ட்டுப் போட்டு இறுக்கி, ஓட்டைகளில் ரெசினை ஊற்றி, மேலே வர்ணத்தை அடித்துவிட்டால் நாளை மறுநாளே வள்ளம் இறக்கலாம். அல்லது, உட்தோலை அறுத்துத் திறந்து, இற்றுப்போன மரம் அத்தனையையும் சுரண்டி எடுத்து, காயவைத்து, புதுப்பலகை பொருத்தி, மறுபடியும் தோல் போர்த்த வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது ஆசாரி பதில் சொல்லாமல் வானத்தைப் பார்த்தார். இவற்றுள் எது தகும் என்பதை மரவேலையைச் சேர்ந்த கேள்வியாக எண்ணிக்கொண்டு அங்கே நின்ற நான், பாவத்துக்கும் பரிகாரத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிய கேள்வியாக அதைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினேன்.

கப்பலின் பலகையை மாற்றுவதைப் பற்றித் தத்துவ ஞானிகள் பேசாமல் இல்லை. ஆதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்ற வீரனுடைய முப்பது துடுப்புக் கப்பலை, இற்ற பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்து வைத்தே நெடுங்காலம் காப்பாற்றினார்கள் என்றும், அது அதே கப்பல்தானா என்று தர்க்கவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள் என்றும் புளூடார்க் எழுதிவைத்தார்; கழித்துப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் அப்போது எது தீசியஸின் கப்பல் என்று 1655-இல் ஹாப்ஸ் அந்தச் சிக்கலை மேலும் ஒரு முறுக்கு முறுக்கினார். ரசமான கேள்விதான், வகுப்பறையில் நானே அதைப் பலமுறை சொல்லி மாணவர்களைத் திகைக்க வைத்திருக்கிறேன். ஆனால் அது நினைவுச் சின்னமாக நிறுத்திவைத்த கப்பலைப் பற்றிய கேள்வி. அதில் ஏறி எவனும் மறுநாள் வலை வீசப் போவதில்லை. அந்தக் கதையில் எந்தப் பலகை இற்றது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை எடுக்க யாருக்கும் தயக்கமும் இல்லை. என் மாணவருக்கோ, வள்ளம் அதே வள்ளமாக இருக்குமா என்ற விசாரம் ஒரு நிமிஷமும் எழவில்லை. மாதாவின் பெயர் இருக்கும்வரை அது அவருடைய வள்ளம். இற்றது எதுவரை, எடுப்பது எதுவரை, எடுக்காமல் மூடிவிட்டால் யாருக்குத் தெரியும் என்பவையே அவருடைய விசாரம். வாழ்கிற மனிதர் பெரும்பாலோருடைய விசாரமும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். குமரிக் கரையில் கட்டுமரத்துக்கு உகந்த மரம் அருகிப்போன காலத்தில், 1980-களின் தொடக்கத்தில், முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டினார்கள். பின்னர் ஃபைபர் பரவியது. ஃபைபர் வள்ளம் என்று பெயரே தவிர, எஞ்சினின் பாரத்தையும் அதன் உந்தலையும் ஏற்கவேண்டிய அமரத்தில், இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான் மறைந்திருக்கும். மரம் தண்ணீரால் அழுகுகிறது என்பது பாதி உண்மை. அழுகச் செய்வது காளான் இனம். அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே நின்றால் அது தழைக்காது. மரம் முழுவதும் நீருக்குள் மூழ்கிக் காற்றுப் படாமற்போனாலும் தழைக்காது. காஞ்சிபுரத்தில் அத்திவரதர், அத்தி மரத்தாலான திருமேனியோடு, அனந்தசரஸ் திருக்குளத்துக்குள் நாற்பது ஆண்டு சயனித்திருந்து 1979-இலும் 2019-இலும் எழுந்தருளி லட்சக்கணக்கான ஜனங்களுக்குச் சேவை சாதித்ததைப் பக்தர்கள் பெருமாளின் சங்கல்பம் என்பார்கள். மரம் அறிந்தவர்கள் நீரே காத்தது என்பார்கள். இரண்டுக்கும் விரோதமில்லை என்பது என் கட்சி. நனைவதும் முழுக்கக் காயாமல் கிடப்பதுமாக இடைநிலையில் அகப்பட்ட மரத்துக்குத்தான் ஆபத்து.

கடல்நீரின் உப்பு காளானை ஓரளவு அடக்கும். பழைய காலத்து மேனாட்டுக் கப்பல் தச்சர்கள் விலா மரங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி வைத்தது இதனால்தான். ஆகவே வள்ளத்தின் மரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கடல் அல்ல, மழை. அலையோடு மல்லிட்டு மீண்ட வள்ளம் கரையில் ஓய்ந்து நிற்கும் இரவுகளில், அமரத்தில் தேங்கும் மழைநீர் போல்ட்டுத் துளை வழியாகவும், மேல்விளிம்பின் மயிரிழை வெடிப்பு வழியாகவும் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்குகிறது. இறங்கிய நீர் திரும்பி வருவதில்லை. எந்தத் தோல் நீரை வெளியே நிறுத்துவதற்காகப் போர்த்தப்பட்டதோ, அதே தோல் அன்று முதல் நீரை உள்ளே நிறுத்துகிறது. வெளியே எவ்வளவு நன்றாக வர்ணம் பூசுகிறோமோ அவ்வளவு நன்றாக உள்ளே ஈரம் காப்பாற்றப்படுகிறது.

தகடு வைத்து இறுக்கும் வைத்தியத்தின் பிசகும் இங்கேதான் இருக்கிறது. தகட்டுக்கு வேண்டிய ஒவ்வொரு போல்ட்டும் தண்ணீருக்கு ஒரு புதுவாசல். இற்ற மரத்தில் துளைகள் போட்டு ரெசினை ஊற்றி இறுகச் செய்துவிடலாம் என்பாரும் உண்டு. ஈரமான மரத்தில் ரெசின் பிடிப்பதில்லை. துளையைச் சுற்றிக் கொஞ்சம் கல்லாகும், அதற்கப்பால் சேறு சேறாகவே இருக்கும். தட்டினால் ஓசை மட்டும் முன்னைவிடத் திருந்தியிருக்கும். ஓசையைத் திருத்துகிற பரிகாரம் என்று இதைச் சொல்லலாம். ஊரில் இதற்குக் குறைவில்லை.

நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசும்படி கட்டளை பிறந்ததாக ஆதியாகமத்தின் 6-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. எபிரேய மூலத்தில் அந்தப் பூசுதலுக்கும் அந்தக் கீலுக்கும் வழங்கும் சொற்களில் நிற்பவை க், ப், ர் என்ற மூன்று மெய்களே. பாவநிவிர்த்தியைக் குறிக்கும் ‘கிப்பூர்’ என்ற சொல்லிலும் அதே மூன்று மெய்கள். இவை ஒரே வேரில் கிளைத்தவையா, ஒலியால் மட்டும் ஒத்தவையா என்பதில் மொழிநூலார் ஒருமனப்படவில்லை. ஆனாலும் படகு பார்த்துவிட்டு வந்த ஒருவனுக்கு அந்த ஒற்றுமை தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானது. பாவம் தீர்வது என்றால் மூடப்படுவதா, அகற்றப்படுவதா? 32-ஆம் சங்கீதம், வேறொரு வினையைக் கொண்டு, எவனுடைய பாவம் மூடப்பட்டதோ அவன் பாக்கியவான் என்கிறது. நீதிமொழிகளின் 28-ஆம் அதிகாரமோ அதே வினையைக் கொண்டே, தன் பாவங்களை மூடுகிறவன் வாழ்வடையான் என்கிறது. முரண்பாடு போலத் தோன்றும் இதற்குச் சங்கீதத்துக்குள்ளேயே விடை இருக்கிறது: வாயை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் தன் எலும்புகள் உள்ளுக்குள் தேய்ந்தன என்று அந்தப் பாடகர் முறையிடுகிறார், தான் மூடி வைப்பதை விட்டுத் திறந்து சொன்ன பிறகே அவருக்கு மேலிருந்து ஒரு மூடுதல் கிடைக்கிறது. மூடுவது குற்றமல்ல, யார் மூடுகிறார், எதற்குப் பின் மூடுகிறார் என்பதில் இருக்கிறது வித்தியாசம். ஃபைபர் தோல் இல்லாமல் எந்த அமரமும் கடலுக்குப் போகாது. ஆனால் அது கடைசியில் வரவேண்டியது.

நம்முடைய தர்மசாஸ்திரக்காரர்களும் இந்த வரிசையை அறிந்திருந்தார்கள். பிராயச்சித்தம் என்ற சொல்லைப் பிரித்து, ‘பிராய’ என்பது தபசு, ‘சித்த’ என்பது நிச்சயம் என்று அவர்கள் பொருள் சொன்னார்கள்; வருத்திக்கொள்வது மட்டும் போதாது, உள்ளே ஒரு தீர்மானம் பிறந்தாக வேண்டும். மனுஸ்மிருதியில் எனக்கு உடன்பாடில்லாதவை மிகுதி, பிறப்பைப் பார்த்துத் தண்டனையை ஏற்றி இறக்கும் இடங்களை இன்றைக்கு வாய்விட்டு வாசிக்கவே கூசும். ஆயினும் அதன் 11-ஆம் அத்தியாயம், குற்றத்தை வெளிப்படச் சொல்வதையும் மனம் வெதும்புவதையும் முன்னே வைத்து, தபசையும் அத்தியயனத்தையும் அடுத்துச் சொல்லி, இயலாத காலத்துக்கு மட்டுமே தானத்தை அனுமதிப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மூன்று நாள் காலையில் மட்டும், மூன்று நாள் மாலையில் மட்டும், மூன்று நாள் கேளாமல் வந்ததை மட்டும் உண்டு, கடைசி மூன்று நாள் உபவாசம் இருக்கிற பன்னிரண்டு நாள் கிருச்சிர விரதத்தை அனுஷ்டிக்க முடியாதவனுக்கு ஒரு பசுவைத் தானம் செய்யலாம் என்றும், பசு இல்லாதவனுக்கு அதன் கிரயத்தைக் கொடுக்கலாம் என்றும் நிபந்த நூலார் வழி வகுத்தார்கள். லேவியராகமத்தின் 5-ஆம் அதிகாரத்திலும் இதே இரக்கம் தெரிகிறது: ஆட்டுக்குச் சக்தியற்றவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம், அதற்கும் இயலாதவன் ஒரு எப்பா மாவில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவரலாம். தெய்வம் விலையில் பேரம் பேச இசைகிறது என்பதைப் படிக்கும்போது மனம் நெகிழ்கிறது. ஆனால் அந்த அதிகாரத்திலேயே, ஆட்டுக்கும் புறாவுக்கும் மாவுக்கும் முன்னால், தான் செய்ததை அறிக்கையிட வேண்டும் என்ற ஒரு விதி நிற்கிறது. அதற்கு மலிவான பிரதி எதுவும் சொல்லப்படவில்லை. என் மாணவர் சிறுவயதில் கோயிற்பிள்ளையிடம் மனப்பாடம் செய்த பழைய ஞானோபதேசத்தில், ஆத்தும சோதனையும் மனஸ்தாபமும் பிரதிக்கினையும் பாவசங்கீர்த்தனமும் முடிந்த பிறகே அபராதப் பரிகாரம் வருகிறது. சிக்கனம் காணிக்கையில் செல்லும், அறுவையில் செல்லாது. இவ்வளவு படித்து நான் கண்டது இதுதான். ஆசாரி இதை உளிப்பிடியால் தட்டியே கண்டுவைத்திருந்தார்.

ஏனென்றால் அவரும் சிக்கனக்காரர்தான். எப்பாக்சி ரெசின் மரத்தில் நன்றாகப் பற்றும், விலையும் அதிகம். மரம் நன்றாகக் காய்ந்திருந்தால் சாதாரண பாலியெஸ்டர் ரெசினே இந்தச் சிறிய எஞ்சினுக்குத் தாளும் என்றார். முழுப்பலகை வாங்க வேண்டாம், கடையில் வெட்டி மிஞ்சிய நீர் தாங்கும் ஒட்டுப்பலகைத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, 18 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டினால் வேண்டிய தடிப்பு வந்துவிடும். அச்சுக்கு ஒரு பழைய அட்டைப்பெட்டி. ஒட்டிய பலகையை இறுக்கிப் பிடிக்க விலையுயர்ந்த பிடிகருவிகள் எதற்கு, கயிறும் ஆப்பும் மணல் சாக்கும் இருக்கின்றன. அறுக்கும் யந்திரம் நாள் வாடகைக்கு. வெளித்தோலை அப்படியே விட்டுவிட்டு உட்பக்கமாக மட்டும் திறந்தால், அந்த வெளித்தோலே புதுப்பலகைக்கு அச்சாகவும் நிற்கும், பெயர் எழுதவும் வேண்டியதில்லை. இப்படி ஒவ்வொன்றிலும் இறங்கி வந்த மனிதர் இரண்டு இடங்களில் மட்டும் ஒரு அங்குலமும் இறங்கவில்லை: இற்ற மரம் முடிந்து, உளிக்கு வெள்ளையாக உலர்ந்த மரம் அகப்படும்வரை போயாக வேண்டும், திறந்த இடம் ஈரம் அற்றுப் போகும்வரை எதையும் உள்ளே வைக்கக் கூடாது.

“காயவைக்கக் காசு வேண்டாம், சாரே,” என்றார் என் மாணவர், என்னைப் பார்த்து, ஆசாரியைப் பார்த்தல்ல. “கஞ்சி வேணும்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இருப்பதாகச் சொல்லமாட்டேன். வெயிலுக்கு விலை கிடையாது என்பது மாதச் சம்பளமும் பிற்பாடு பென்ஷனும் வாங்குகிறவன் பேசுகிற பேச்சு. அன்றாடம் கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டில், சும்மா கிடக்கிற பத்து நாளைப் போல விலையுயர்ந்த சரக்கு வேறொன்றில்லை. பலகை இற்றதும் அவர் செய்த பாவத்தால் அல்ல. யாரோ எங்கோ மூடாமல் விட்ட ஒரு போல்ட்டுத் துளையால். துன்பத்தைக் கண்ட இடத்திலெல்லாம் பூர்வ கர்மம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிற நம்முடைய வழக்கத்தை நான் எப்போதும் வெறுத்தே வந்திருக்கிறேன். ஆகையால் இற்ற பலகையைப் பாவத்துக்கு உவமையாக நான் எடுத்தாள்வது என்னைப் பற்றிப் பேசும்போது மட்டுமே செல்லுபடியாகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என்னைப் பற்றியே சொல்லுகிறேன். தகப்பனார் காலமான பிறகு குடும்பத்துத் தென்னந்தோப்பை விற்றதில், கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டதே என்ற நியாயத்தை நானே எழுதி நானே ஒப்புக்கொண்டு, என் தங்கைக்குச் சேரவேண்டியதைச் சேர்க்காமல் விட்டேன். அவள் கேட்கவில்லை, பொங்கலுக்கு வருவாள், பிள்ளைகளை நமஸ்காரம் பண்ணச் சொல்லுவாள், போவாள். சில வருஷங்களுக்குப் பின் வீட்டில் அடுத்தடுத்துச் சில சங்கடங்கள் நேர்ந்தபோது, ஜோசியர் ஒருவர் பிதிர் தோஷம் என்றார். ராமேஸ்வரம் போய், அக்கினி தீர்த்தத்தில் முழுகி, தில ஹோமம் செய்து, திருப்தியோடு திரும்பினேன். ரயில் கட்டணம், தங்கும் அறை, தட்சிணை எல்லாம் சேர்த்து அதற்கு ஆன செலவு, தங்கைக்குக் கொடுக்க வேண்டியிருந்ததில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஹோமத்தை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல தோல், நன்றாகவே போர்த்தினார்கள். அவள் அடுத்த பொங்கலுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோது, என் மார்புக்குள் எங்கேயோ யாரோ தட்டினாற்போல இருந்தது. அந்த ஓசை எப்படிப்பட்டது என்று எனக்கு அப்போது பெயர் சொல்லத் தெரியவில்லை.

மாணவர் கடைசியில் அறுக்கவே சம்மதித்தார். என் பிரசங்கத்தால் அல்ல. நான் வாயே திறக்கவில்லை. அவருடைய சித்தப்பா மகன் ஒருவர், வள்ளம் தேறும்வரை தன் வள்ளத்தில் ஆளாக வந்து பங்கு வாங்கிக்கொள்ளும்படி, மணலில் நின்றபடியே, வேறெதையோ பேசுகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஓரங்களில் மூன்று விரற்கடை விட்டு உட்தோலை வெட்டிப் பெயர்த்தார்கள். உள்ளே கிடந்ததை உளியால் செதுக்க வேண்டியிருக்கவில்லை, கரண்டியால் அள்ளினார்கள். வாளியில் விழுந்தபோது அது ஈரத் துணிபோல ஓசை செய்தது. இரண்டு பக்கமும் சென்று சென்று, யாரும் நினைத்திராத தூரத்தில், இடது மூலைக்கு அருகில்தான் வெள்ளை மரம் அகப்பட்டது. எல்லாம் எடுத்த பிறகு வெறும் வெளித்தோல் மட்டும் மிஞ்சி நின்றது. மேற்கே இறங்கிய வெயில் அதில் விழுந்தபோது, மாதாவின் பெயர் உட்புறத்தில் இடவலம் மாறி நிழலாகத் தெரிந்தது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். அன்று இரவே இடி இடித்துக் கோடை மழை கொட்டியது. மாணவரும் மகனும் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு விடியும்வரை அமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்களாம்.

ஈரம் போயிற்றா என்று பார்க்க ஆசாரி ஓர் எளிய உபாயம் வைத்திருந்தார். மாலையில் ஒரு முழம் பாலிதீன் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் நாடா ஒட்டி மூடிவிடுவார். காலையில் அதன் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஏழாம் நாள் காலையில் நான் போனபோது, மாணவர் கடலிலிருந்து திரும்பிப் பங்கு மீனை ஒரு பையில் வைத்துக்கொண்டு, தாளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். என் சட்டைப்பையில் தங்கைக்கு எழுதத் தொடங்கிய கடிதம் இருந்தது. ‘சௌபாக்கியவதி’க்குக் கீழே மூன்று வரி.

“எட்டுத் துளி, சாரே,” என்றார். “நேத்து எண்ண முடியல்ல.”

ஆசாரி தாளை உரித்து உதறினார். உளிப்பையைத் திறக்காமலே தோளில் மாட்டிக்கொண்டார். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அமரம் கிழக்கே பார்க்கும்படி வள்ளத்தை மணலில் அரைவட்டம் திருப்பினோம்.